பிரெக்ஸிட்டும் எங்கட ஊர் அடகுச்சீட்டும்

பிரித்தானியாக்காரர் வாக்குப்போட்டு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதால் மட்டக்களப்பில் தாலிக்கொடிகள் அடகுக்கு வந்தன என்று சொன்னால் பலர் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன், ஏனென்றால் அந்தக் கொடிகளை நிறுத்துப் பார்த்துச் சீட்டு எழுதியவர்களில் நானும் ஒருவன். நகரத்தில் ஒரு அடகுக் கவுண்டரில்தான் எனக்கு வேலை. நகையோடு வருகிற ஆக்கள் காரணம் சொல்லத் தேவையில்லை, நாங்களும் கேட்பதில்லை, ஆனால் எங்கட சனம் காரணம் சொல்லாமல் நகையைக் கழற்றாது. வயல் விதைப்பு, வைத்தியம், வீட்டுக் கூரை, பிள்ளையின் படிப்பு என்று வழக்கமாக வருகிற காரணங்களுக்கு நடுவில் 2022, 2023இல் ஒரே ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது: லண்டன். (கீழே வருகிற கதைகளில் யாரையும் தேடாதீர்கள், வேண்டுமென்றே கலந்துதான் எழுதியிருக்கிறேன்.)

முதலில் திகதிகளை முடித்துவிடுகிறேன். 2016 ஜூன் 23இல் வாக்கெடுப்பு, 51.9 சதவீதம் பேர் விலகுவோம் என்றார்கள். 2020 ஜனவரி 31இல் பிரித்தானியா சட்டப்படி வெளியேறியது. ஆனாலும் பழைய விதிகளே அந்த ஆண்டு முடியும்வரை ஓடின. 2020 டிசம்பர் 31 இரவோடுதான் எல்லாம் உண்மையில் மாறியது. அதுவரைக்கும் ஒரு லொறி மரக்கறி பாரிஸில் இருந்து லண்டனுக்கு வர எந்தச் சுங்கக் கடதாசியும் வேண்டாம், பாரிஸில் பிரெஞ்சுக் குடியுரிமையோடு இருக்கிற ஒருவர் மூட்டை முடிச்சோடு லண்டனுக்கு வந்து அடுத்த நாளே வேலைக்குப் போக எந்த விசாவும் வேண்டாம். அடுத்த நாளில் இருந்து இரண்டுக்கும் கடதாசி வேண்டும்.

எங்கட குடும்பத்தில் இந்த வாக்கெடுப்பு ஒரு சின்னச் சண்டையையே கிளப்பியது. லண்டனில் கடை வைத்திருக்கிற பெரிய மாமா விலகுவதற்குத்தான் வாக்குப் போட்டார். அவர் சொன்ன நியாயம் இதுதான்: போலந்துக்காரன் நினைத்த நேரம் பஸ் ஏறி வருகிறான், என்ட தங்கச்சிட பொடியன் களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு கல்யாணத்துக்கு வர விசா கேட்டால் இரண்டு தரம் மறுக்கிறான், இது என்ன நீதி? அந்த நேரத்தில் விலகும் பக்கத்துக்காரர் தெற்காசிய மக்களிடம் இதையேதான் சொல்லி வாக்குக் கேட்டார்கள், ஐரோப்பியர் வருவது நின்றால் பொதுநலவாய நாட்டுக்காரருக்கு இடம் கிடைக்கும், கறிக்கடைகளுக்குச் சமையற்காரர் வருவார்கள் என்று. சின்னம்மாவுக்கு அதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். அவர் டென்மார்க்கில் அகதியாகப் போய், டெனிஷ் குடியுரிமை எடுத்து, பிள்ளைகள் இங்கிலிஷில் படிக்க வேண்டும் என்று லண்டனுக்கு இடம் மாறியவர்.

இதில் ஒரு வேடிக்கை. அந்த வாக்கெடுப்பில் பிரித்தானியாவில் சட்டப்படி வசிக்கிற பொதுநலவாய நாட்டுக்காரர் வாக்குப் போடலாம். அதாவது இலங்கைப் பாஸ்போட்டை மாற்றாமல் வைத்திருக்கிற தமிழர் போடலாம். பதினைந்து வருடமாக அங்கே வரி கட்டுகிற, ஆனால் டெனிஷ் அல்லது பிரெஞ்சுப் பாஸ்போட் வைத்திருக்கிற தமிழர் போட முடியாது. ஒரே தெருவில், ஒரே ஊர்க்காரர், ஒரே கோவில் திருவிழாவுக்குக் காசு கொடுப்பவர்கள், ஒருவர் மற்றவருடைய வாழ்க்கையைப் பற்றி வாக்குப் போட்டார், மற்றவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னம்மாவைப் போல வந்தவர்கள் கொஞ்சப் பேர் இல்லை. பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், சுவிஸ் என்று போரோடு சிதறிப்போன எங்கட ஆக்கள் அந்தந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்ததும் பெருந்தொகையாக லண்டனுக்கு வந்தார்கள். இங்கிலிஷ் படிப்பு ஒரு காரணம். கடை தொடங்குவது லேசு என்பது இன்னொன்று. அங்கே சொந்தக்காரர் நிறைய இருப்பதும், ஹாரோ, வெம்பிளி, ஈஸ்ட்ஹாம் பக்கம் நடந்து போனால் தமிழ் கேட்பதும் மூன்றாவது. ஒரு வர்த்தகக் கூட்டுக்குள் ஆட்கள் சுதந்திரமாக நடமாடலாம் என்ற விதியை வெள்ளைக்காரருக்குச் சமமாகப் பயன்படுத்தியவர்கள் எங்கட ஆக்கள், யாரும் அதைப் பெரிதாக எழுதவில்லை. சுவிஸ் ஒன்றியத்தில் இல்லைதான், ஆனால் தனி ஒப்பந்தம் இருந்ததால் அவர்களுக்கும் அந்த வழி திறந்தே இருந்தது.

2020 டிசம்பர் 31க்கு முன் பிரித்தானியாவில் வந்து குடியிருந்தவர்களுக்குத் தொடர்ந்து இருக்க உரிமை கிடைத்தது, அதற்கு 2021 ஜூன் 30க்குள் விண்ணப்பிக்கச் சொன்னார்கள். சின்னம்மா அப்படித் தப்பினார். பாரிஸில் இருக்கிற மச்சாள் தப்பவில்லை. அவள் 2020இல் வருவதாகத்தான் இருந்தாள், கொரோனா வந்து எல்லாம் அடைபட்டது, அடுத்த வருடம் பார்ப்போம் என்று விட்டாள். இன்றைக்கு அவள் லண்டனில் வேலை செய்ய வேண்டுமென்றால் கல்லடியில் இருக்கிற ஒரு பொடியனுக்கு என்ன விசா வேண்டுமோ அதே விசாதான் வேண்டும், அதே சம்பள எல்லை, அதே ஸ்பான்சர், அதாவது விசாவுக்குப் பொறுப்பு நிற்கிற வேலை தருபவர். சுற்றிப்பார்க்கப் போகும்போதுதான் அந்தப் பாஸ்போட்டுக்கு மரியாதை, அதுவும் 2025 ஏப்ரலில் இருந்து காசு கட்டி முன் அனுமதி எடுத்துவிட்டுத்தான். "உனக்கும் எனக்கும் இப்ப ஒரே வரிசைதான் மச்சான்" என்று வாட்ஸ்அப்பில் சிரித்தாள்.

சரி, அந்தப் பக்கம் அடைபட்டதால் இந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதுதான் என்னுடைய கவுண்டர் சம்பந்தப்பட்ட விசயம்.

வேலைக்கு ஆள் இல்லை. ஹோட்டல், தோட்டம், லொறி, முதியோர் இல்லம் என்று ஐரோப்பியர் செய்துகொண்டிருந்த வேலைகளுக்குப் புதிதாக வருபவர் நின்றுபோனார்கள், கொரோனா நேரத்தில் ஊருக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. 2021 செப்டெம்பரில் லொறிச் சாரதிகள் போதாமல் பிரித்தானியாவில் பெற்றோல் நிலையங்களில் வரிசை வந்தது ஞாபகம் இருக்கிறதா? அங்கே தமிழர் நடத்துகிற பெற்றோல் நிலையங்கள் நிறைய. மாமாவின் சிநேகிதர் ஒருவர் அந்த வரிசையைப் படம் எடுத்து அனுப்பினார், நாங்கள் பார்த்துப் புதினப்பட்டோம். ஒரு வருடம் போகவில்லை, நாங்கள் இங்கே நாள் கணக்கில் வரிசையில் நின்று அவருக்குப் படம் அனுப்பினோம். அவசரத்துக்கு 5,000 சாரதிகளுக்குத் தற்காலிக விசா தருகிறோம் என்று அரசாங்கம் அறிவித்தும் ஐரோப்பியர் பெரிதாக ஓடி வரவில்லை. சில மாதத்துக்கு யார் வீட்டை விட்டு வருவார்?

முதியோர் பராமரிப்பில் நிலைமை இன்னும் மோசம். 2021/22இல் இங்கிலாந்தில் மட்டும் 1,65,000 பராமரிப்பு வேலைகள் ஆளில்லாமல் கிடந்தன. சம்பளம் குறைவு, வேலை கடினம், அந்த நாட்டுக்காரர் சுப்பர்மார்க்கெட்டில் போய் நின்றுகொள்வார்கள். ஆகவே 2022 பெப்ரவரியில் பராமரிப்பு ஊழியர்களையும் விசாப் பட்டியலில் சேர்த்தார்கள், வருடம் 20,480 பவுண்ட் சம்பளம் இருந்தால் போதும், குடும்பத்தையும் கூட்டி வரலாம். ஊரில் இதற்குப் பெயர் கெயார் விசா.

பல்கலைக்கழகங்களும் இதே மாதிரி ஒரு ஓட்டையை அடைக்கத்தான் வெளியே பார்த்தன. முன்பு ஐரோப்பிய மாணவர் உள்ளூர்க் கட்டணம் கட்டிப் படித்தார்கள். 2021இல் அவர்களும் வெளிநாட்டுக் கட்டணம் கட்ட வேண்டும் என்றானதும் அங்கிருந்து சேருபவர்கள் ஒரே ஆண்டில் ஏறக்குறைய பாதியானார்கள். உள்ளூர்ப் பிள்ளையின் கட்டணம் 9,250 பவுண்டில் பல வருடம் அசையாமல் நின்றது, விலைவாசி நிற்கவில்லை, ஆகவே முழுக் கட்டணம் கட்டுகிற வெளிநாட்டு மாணவர் இல்லாமல் பல இடங்களில் கணக்கு முட்டாது. படித்து முடித்து 2 வருடம் வேலை செய்யலாம் என்ற விசாவும் 2021 ஜூலையில் வந்தது. அப்போது மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறவர் கணவனையோ மனைவியையோ கூட்டிப் போகலாம், போகிறவருக்கு முழுநேர வேலை அனுமதி.

இதை எங்கட நிலைமையோடு சேர்த்துப் பாருங்கள். 2022இல் ரூபாய் விழுந்தது, ஒரு டொலர் 200இல் இருந்து 360க்குப் போனது, மருந்து இல்லை, பசளை இல்லை, காஸ் இல்லை. வெளியே போனால் போதும் என்று எல்லோரும் நினைத்த அந்த நேரத்தில் சரியாக லண்டன் கதவு திறந்து கிடக்கிறது. ஏறாவூரில் இருந்து அக்கரைப்பற்று வரைக்கும் சந்திக்குச் சந்தி ஸ்டூடன்ட் விசா, கெயார் விசா என்று போர்ட் தொங்கியது. சம்பந்தம் பேசும்போதே பெண் மாஸ்டர்ஸுக்குப் போவாள், மாப்பிள்ளை டிபெண்டனாக, அதாவது அவளுடைய துணையாகப் போவார், செலவு இரண்டு வீடும் பாதி பாதி என்று பேசி முடித்த கல்யாணங்கள் எனக்குத் தெரியும். நகை போட்டுத் தாலி கட்டி, மறுகிழமையே அந்த நகை எங்களிடம் வரும்.

கணக்கைச் சொல்கிறேன். படிப்புக் கட்டணம் 15,000 பவுண்ட் என்று வைத்துக்கொள்வோம். நெருக்கடிக்கு முன் பவுண்ட் 270 ரூபாய், ஆகவே 40 இலட்சத்துச் சொச்சம். 2022 நடுப்பகுதியில் பவுண்ட் 440, அதே படிப்பு 66 இலட்சம். அதோடு லண்டனில் படிப்பதென்றால் அப்போது 12,006 பவுண்ட் 28 நாட்கள் வங்கிக் கணக்கில் அசையாமல் கிடக்க வேண்டியிருந்தது, அது இன்னுமொரு 50 இலட்சத்துக்கு மேல். அந்தப் பணத்தைச் சொந்தமாக வைத்திருப்பவர் யார்? வட்டிக்கு எடுத்துக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள், அந்த ஒரு மாத வட்டியே பலருக்கு ஒரு காப்புச் சோடி. தங்க விலையும் அந்த நேரம் தாறுமாறாக ஏறியதால் அதே காப்புக்கு முன்பைவிடக் கூடக் கடன் கொடுத்தோம், சனத்துக்கு அது பாக்கியம் மாதிரித் தெரிந்தது. மீட்கும்போது வட்டியும் அந்தப் பெரிய தொகைக்குத்தான் என்பதைச் சொன்னாலும் காதில் விழாத நேரம் அது. ஒரு அம்மா சொன்னது நினைவிருக்கிறது: "மனே, அவள் போய்ச் சேர்ந்து மூன்று மாதத்தில மீட்டிருவாள், நீங்க ஏலத்துக்கு மட்டும் விட்டுராதிங்க." மாணவருக்குக் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை அனுமதி என்று நான் வாய் திறக்கவில்லை, கவுண்டரில் இருப்பவனுடைய வேலை அது இல்லையே.

கெயார் விசாவில் நடந்தது இதைவிட அநியாயம். ஸ்பான்சர் சான்றிதழுக்கு வேலை தருபவர் அந்த நாட்டு அரசாங்கத்துக்குக் கட்டுவது அப்போது 199 பவுண்ட். அதையே இடைத்தரகர்கள் ஆயிரக்கணக்கான பவுண்டுக்கு விற்றார்கள். இந்த விசாவில் போனவர்கள் பெரும்பாலும் இந்தியர், நைஜீரியர், சிம்பாப்வேக்காரர், எங்கட தொகை அவ்வளவு இல்லை, ஆனாலும் இந்த மாவட்டத்தில் காணி ஈடு வைத்துப் போனவர்களை எனக்குத் தெரியும். போய் இறங்கினால் சில இடங்களில் வேலையே இல்லை, நிறுவனம் கடதாசியில் மட்டும்தான். 2022 ஜூலையில் இருந்து 2024 டிசம்பர் வரைக்கும் பராமரிப்புத் துறையில் 470க்கு மேற்பட்ட நிறுவனங்களின் ஸ்பான்சர் அனுமதியை அந்த நாட்டு அரசாங்கம் இரத்துச் செய்தது, 39,000க்கு மேற்பட்ட ஊழியர்கள் அந்த நிறுவனங்களோடு சம்பந்தப்பட்டிருந்தார்கள். அப்படி இரத்தானால் இன்னொரு ஸ்பான்சரைத் தேடுவதற்கு 60 நாள் கிடைக்கும். தவறு நிறுவனத்துடையது, 60 நாளும் எண்ணுவது கடனோடு போனவர்.

விலகினால் குடிவரவு குறையும் என்று சொல்லித்தான் வாக்குக் கேட்டார்கள். நடந்தது என்னவென்றால் 2023இல் பிரித்தானியாவின் தேறிய குடிவரவு, அதாவது வந்தவர்களில் போனவர்களைக் கழித்தது, ஆண்டுக்கு 9 இலட்சத்தைத் தாண்டியது. அந்த நாட்டில் அப்படி ஒரு தொகை முன்பு இருந்ததே இல்லை. ஐரோப்பியரில் வந்தவர்களைவிடப் போனவர்கள் அதிகம், மற்ற நாட்டுக்காரர்தான் அந்த எண்ணிக்கையை நிரப்பினார்கள். பெரிய மாமா நினைத்தது ஒரு விதத்தில் பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும்! ஆனால் அந்தத் தொகை வெளியானதும் அங்கே அரசியல் கொதித்தது, ஒன்றன்பின் ஒன்றாக அடைத்தார்கள். 2024 ஜனவரியில் மாஸ்டர்ஸ் மாணவருக்குக் குடும்பத்தைக் கூட்டி வர முடியாது என்றானது. மார்ச்சில் கெயார் விசாக்காரருக்கும் அதே. ஏப்ரலில் வேலை விசாவுக்கான சம்பள எல்லை 26,200இல் இருந்து 38,700 பவுண்டுக்கு ஏறியது. அடுத்த வருடம் ஜூலை 22இல் 41,700, அன்றைக்கே வெளிநாட்டில் இருந்து புதிதாகப் பராமரிப்பு ஊழியர் எடுப்பதும் நிறுத்தப்பட்டது. நிரந்தர வதிவிடத்துக்கு 5 வருடம் போதாது, 10 வருடமாக்கப் போகிறோம் என்று 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் சொன்னார்கள். ஆட்சி மாறியும் திசை மாறவில்லை.

உன்னிச்சைக் குளத்து வான்கதவைத் திறப்பது குளம் உடையாமல் இருக்கத்தான், கீழே யாருடைய வயல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து இல்லை. லண்டன் விசாவும் அப்படித்தான் என்று நான் நினைக்கிறேன். எங்கட சனம் அதைத் தங்களுக்காகத் திறந்தது என்று நம்பி, திறந்தே கிடக்கும் என்று நம்பி, மூன்று நாலு வருடக் கடனை எடுத்தது. ஐரோப்பியரை நிறுத்தியதால் விழுந்த ஒரு பள்ளத்தை நிரப்பும்வரைக்கும் எங்களைக் கூப்பிட்டார்கள். விதி மாறியபோது கடன் மாறவில்லை.

வியாபாரப் பக்கம் என்ன என்று கேட்டால், மாமாவே இப்போது விலகியதைப் பற்றி அவ்வளவாகக் கதைப்பதில்லை. விலகியதால் நீண்டகாலத்தில் உற்பத்தித்திறன் 4 சதவீதம் குறையும் என்று அந்த நாட்டு வரவு செலவு அலுவலகம் மதிப்பிட்டு அதையே திருப்பிச் சொல்லி வருகிறது, ஆனால் கொரோனாவும் உக்ரைன் போரும் கலந்து கிடப்பதால் கடைக்காரனுக்கு எது எதனால் என்று பிரித்துத் தெரியாது. அவருக்குத் தெரிவது கடதாசிதான். முன்பு பாரிஸ் மொத்த வியாபாரியிடம் இருந்து வான் வண்டியில் சாமான் வரும், இறக்கினால் சரி. இப்போது சுங்கப் பிரகடனம், 2024இல் இருந்து இறைச்சி, பால் பொருட்களுக்குச் சுகாதாரச் சான்றிதழும் எல்லையில் பரிசோதனையும். பெரிய சுப்பர்மார்க்கெட் இதற்கென்று ஒரு பிரிவே வைத்துக்கொள்ளும். ஒரு கடை, ஒரு வான் வைத்திருப்பவருக்கு அது தனிச் சம்பளம் கொடுக்க வேண்டிய வேலை, ஆகவே பலர் ஐரோப்பாவில் இருந்து எடுப்பதையே விட்டுவிட்டு லண்டன் மொத்த வியாபாரியிடம் கூட விலைக்கு எடுக்கிறார்கள்.

இதில் எங்கட ஆக்களுக்குப் பெரிய மனவருத்தம் மட்டன் ரோல்ஸ். பாரிஸில் சாமத்தியச் சடங்கு என்றால் லண்டனில் இருந்து காரில் ரோல்ஸ் அடித்துக்கொண்டு போவார்கள். 2021இல் இருந்து பிரித்தானியாவில் இருந்து இறைச்சியோ பாலோ சேர்ந்த சாப்பாட்டை ஒன்றியத்துக்குள் கையில் கொண்டுபோக முடியாது. முதல் கிழமைகளிலேயே நெதர்லாந்துத் துறைமுகத்தில் ஒரு லொறிச் சாரதியின் பன்றி இறைச்சி சாண்ட்விச்சைப் பறித்த வீடியோ உலகம் முழுக்க ஓடியது. சின்னம்மாவின் ரோல்ஸ் பெட்டி பிரான்ஸின் கலே துறைமுகத்தில் குப்பைக்குப் போனது, அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

2016 வாக்கெடுப்பு முடிந்த உடனேயே பவுண்ட் விழுந்ததையும் சொல்ல வேண்டும். 215 ரூபாய்க்குக் கிட்ட நின்ற பவுண்ட் கொஞ்ச நாளில் 200க்குக் கீழே போனது. லண்டன் காசை நம்பி நகை மீட்க இருந்தவர்கள் ஒரு தவணை தள்ளி வட்டி மட்டும் கட்டிவிட்டுப் போனார்கள். எங்கட கவுண்டருக்குப் பிரெக்ஸிட் அன்றைக்கே வந்துவிட்டது, நாங்கள்தான் அதைக் கவனிக்கவில்லை.

இனி வெளிநாடு போகாதவர்கள். விடியற்காலையில் படுவான்கரை ஊர்களுக்குள் போய்ப் பெண் பிள்ளைகளை ஏற்றி வருகிற கார்மென்ட்ஸ் பஸ்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பிள்ளைகள் தைக்கிற உடுப்பில் ஒரு பங்கு பிரித்தானியாவுக்குப் போகிறது. அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக எங்கட உடுப்பை அதிகம் வாங்குகிற தனி நாடு அதுதான். பிரித்தானியா ஒன்றியத்துக்குள் இருந்தவரைக்கும் அதன் வரியை ஒன்றியத்தின் தலைமையகமான பிரசெல்ஸ்தான் தீர்மானித்தது. மனித உரிமைக் கடப்பாடுகளை நிறைவேற்றவில்லை என்று 2010 ஓகஸ்டில் எங்களுக்கு ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகையை நிறுத்தியபோது பிரித்தானியச் சந்தையிலும் அது நின்றது, 2017 மே மாதம் திரும்பத் தந்தபோது அங்கேயும் திரும்பியது. சலுகை இல்லாமல் போனால் உடுப்புக்கு 9.6 சதவீத வரி, இருந்தால் ஒன்றும் இல்லை. ஒரு சட்டையில் சில சதம் இலாபத்துக்குத் தைக்கிற தொழிலில் 9.6 என்பது ஓடரை பங்களாதேஷுக்குத் திருப்பப் போதுமானது.

மீனிலும் இதே கதைதான். சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று ஒன்றியம் 2015 ஜனவரியில் எங்கட மீனுக்குத் தடை போட்டபோது பிரித்தானியாவும் வாங்க முடியாமல் போனது. வாழைச்சேனையில் இருந்து ஆழ்கடலுக்குப் போகிற படகுக்காரருக்கு பிரசெல்ஸ் என்ற பெயர் அப்போதுதான் பழக்கமானது. தடை நீங்கியது 2016 ஜூனில், பிரித்தானியர் வாக்குப் போட்ட அதே மாதம்.

இப்போது இரண்டு கதவு. 2021 ஜூனில் எங்கட நாட்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் காரணம் காட்டி ஜிஎஸ்பி பிளஸை நிறுத்துவது பற்றி யோசிக்கும்படி ஐரோப்பிய நாடாளுமன்றம் தீர்மானம் போட்டபோது, முதல் தரமாக அந்தப் பேச்சு பிரித்தானியச் சந்தையைத் தானாகத் தொடவில்லை. பிரித்தானியா 2023 ஜூனில் தன்னுடைய சொந்தச் சலுகைத் திட்டத்தைக் கொண்டுவந்தது, இலங்கையும் அதில் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுடைய வேலைக்கு இது ஒரு சின்னப் பாதுகாப்பு என்று நான் நினைக்கிறேன், அதேநேரம் ஒன்றியத்தின் அழுத்தத்தால் இங்கே ஏதாவது சட்டம் திருந்தும் என்று எதிர்பார்க்கிற எங்கட பக்கத்து ஆக்களுக்கு அந்த அழுத்தத்தின் எடை குறைந்துவிட்டது. இரண்டும் உண்மை, எனக்கு இதில் ஒரு பக்கம் சாய முடியவில்லை. இந்த மாவட்டத்தில் அந்தச் சட்டத்தால் பிள்ளையைத் தொலைத்த தாயும் இருக்கிறார், கார்மென்ட்ஸ் சம்பளத்தில் அடுப்பு எரிகிற வீடும் இருக்கிறது, சில வேளை இரண்டும் ஒரே வீடு.

அதைவிட நுணுக்கமான இன்னொரு விசயம் துணி. ஒன்றியத்தின் சலுகைக்கு உடுப்பை இங்கே தைத்தால் மட்டும் போதாது, துணியும் இங்கே நெய்யப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் ஒப்புக்கொள்கிற பக்கத்து நாடுகளில் இருந்து வர வேண்டும். நாங்கள் பின்னல் துணி ஓரளவு செய்கிறோம், நெய்த துணி பெரும்பாலும் சீனாவில் இருந்து வருகிறது. அதனால் சலுகை கையில் இருந்தும் ஒரு பெரிய பங்கு உடுப்புக்கு அதைப் பயன்படுத்த முடியாமல் வரி கட்டித்தான் அனுப்பினார்கள். ஏறாவூர் புன்னைக்குடாவில் துணி உற்பத்திக்கென்று ஒரு வலயம் போட்டதற்குப் பின்னால் இந்த நியாயம் இருக்கிறது. சனம் வேலை வரும் என்று காத்திருக்கிறது, தண்ணீரும் கழிவும் கடலுக்கு என்ன செய்யும் என்று மீன்பிடிக்கிறவர்கள் கேட்கிறார்கள்.

பிரித்தானியாவோ 2025 ஜூலையில் வேறு வழியில் போனது. எங்களைப் போன்ற நாடுகள் எங்கிருந்து துணி எடுத்துத் தைத்தாலும் சலுகை தரும்படி விதியைத் தளர்த்துவதாக அறிவித்தது. தைக்கிற தொழிற்சாலைக்கு இது நல்ல செய்தி, அமெரிக்கா அதே ஆண்டு 44 சதவீத வரி என்று பயமுறுத்திக் கடைசியில் 20இல் நின்ற நேரத்தில் இன்னும் நல்ல செய்தி. ஆனால் புன்னைக்குடாவில் காசு போட யோசிக்கிற முதலாளி என்ன நினைப்பார்? லண்டனுக்குப் போகிற சட்டைக்குச் சீனத் துணி போதும் என்றால், இங்கே நெய்ய வேண்டிய கட்டாயம் ஐரோப்பியச் சந்தைக்கு மட்டும்தான். ஒரு நாடு கூட்டை விட்டுப் போனதால் ஏறாவூரில் ஒரு வலயத்தின் கணக்கு மாறுகிறது. இதைப் பற்றி எங்கட நாடாளுமன்ற உறுப்பினர்கள் யாராவது வாய் திறந்து நான் கேட்கவில்லை, திறப்பு விழாவுக்கு மட்டும் எல்லோரும் வருவார்கள்.

கவுண்டரில் இப்போது லண்டன் என்ற சொல் குறைந்துவிட்டது. படிப்பு முடித்த பிறகு தருகிற 2 வருட விசாவும் 2027 ஜனவரியில் இருந்து 18 மாதமாகிறது, அதனால் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் பின்வாங்குகிறார்கள். அந்த இடத்துக்கு வந்திருப்பது ருமேனியா. ஒன்றியத்துக்குள் இருக்கிற நாடு, அந்த நாட்டு ஆட்கள் கூடச் சம்பளத்துக்கு ஜெர்மனி, இத்தாலி என்று போய்விட்டார்கள், முன்பு பிரித்தானியாவுக்கும் போனவர்கள்தான். அவர்கள் விட்டுப்போன தையல் மேசைக்கும் கட்டட வேலைக்கும் இப்போது எங்களைக் கூப்பிடுகிறார்கள். போன மாதம் கார்மென்ட்ஸில் லைன் சுப்பவைசராக இருந்த ஒரு தங்கச்சி ஒரு சங்கிலியோடு வந்தாள், ஏஜென்சிக்குக் கட்ட வேண்டுமாம். ஏஜென்சிக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி இருக்கிறதா, அந்த வேலை ஓடர் பணியகத்தில் பதிவா என்று பார்த்தீர்களா என்று இந்தத் தடவை கேட்டேவிட்டேன், வேலை போனாலும் பரவாயில்லை என்று. பார்க்கவில்லை என்றாள், பார்த்துவிட்டு வாருங்கள், சங்கிலி எங்கேயும் ஓடிவிடாது என்று அனுப்பினேன். இன்னும் வரவில்லை.

ருமேனியாவுக்குத் தையல் வேலைக்குப் போனவர்கள் யாராவது இதை வாசித்தால், சாப்பாடும் தங்குமிடமும் கழித்துக் கையில் மாதம் எவ்வளவு மிஞ்சுகிறது, ஒப்பந்தத்தில் சொன்ன மணித்தியாலமும் வேலை வாங்குகிற மணித்தியாலமும் ஒன்றா என்று எழுதுங்கள். அடுத்ததாக வருகிறவர்களுக்குச் சொல்லலாம்.